கடைக்குட்டி வாசித்த நான்கு வரி

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன், பக்கத்தில் நின்ற உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு "பொய் எழுதுறதுக்கு எதுக்கு லெட்டரு" என்றாள், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். போனில் என் குரல் கேட்டாலே நீ வைத்துவிடுகிறாய். உன்மேல் தப்பில்லை, தங்கச்சியை நான் கூட்டிக்கிட்டுப் போறேன் என்று நீ சொன்னதற்கு, வாசல்படி மிதித்தால் காலை உடைப்பேன் என்று கத்தியவன் நான். இதைக் கிழிப்பதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, மழை பிடித்ததிலிருந்து எங்கேயாவது வழுக்கி இடித்துக்கொண்டு தினம் இரண்டு வண்டி வந்துவிடுகிறது. கடைக்குட்டிக்குப் புருவத்தில் போட்ட மூன்று தையலையும் பிரித்தாயிற்று. தழும்பு நிற்கும் என்றார் டாக்டர்.

அம்மா உனக்கு அரையும் குறையுமாகத்தான் சொல்லியிருப்பாள், என்னை மூடி மறைத்தே அவளுக்குப் பழகிவிட்டது. நடந்ததை நானே சொல்கிறேன். உன் தங்கச்சி மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தினம் சாயங்காலம் கடகடவென்று வாசிப்பாள், கீழே பட்டறையில் டிங்கர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும், சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியாது. பெரியவளை அடித்து வளர்த்தேன் படித்தாள், சின்னவளும் என் கைக்குப் பயந்தே படித்துவிட்டாள் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அளந்தேன். போன மாதம் ஒருநாள் பெயிண்டர் வந்திருந்தான், அவன் முன்னால் வாசித்துக் காட்டு என்று அவளைக் கீழே கூப்பிட்டேன். ஒரு பக்கம் முழுக்கத் தட்டுத் தடுமாறாமல் சொன்னாள். பெயிண்டர் விளையாட்டாகத்தான் செய்தான், படத்தைக் கையால் மூடிக்கொண்டு நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன பாப்பா என்றான். அவள் முழித்தாள். வேறு சொல்லைத் தொட்டான், அதற்கும் முழித்தாள். "என்னண்ணே, பொண்ணுன்னு சொல்லி ஒரு ரேடியோவ வாங்கி வச்சிருக்கீங்க" என்று சிரித்தான். பக்கத்தில் நின்ற வண்டிக்காரரும் சிரித்தார். அவ்வளவுதான், என் மானம் கப்பலேறிவிட்டது. புறங்கையால் விட்டேன், இடது கன்னமும் காதும் சேர்ந்து வாங்கியது, எட்டு வயசு உடம்பு என்ன தாங்கும், போய் மட்கார்டுக் குவியலில் விழுந்தாள். தகர விளிம்பு புருவத்தைக் கிழித்தது. விழுந்தவளை எழுப்பி ஏண்டி ஏமாத்தினே என்று இன்னொன்று கொடுத்தேன். தடுக்க வந்த பெயிண்டரின் வாயில் குத்தினேன், அவனுக்கு முன்பல் ஒன்று போயிற்று. அதற்குள் உன் அம்மா இறங்கி வந்து என் மரச்சுத்தியை எடுத்து என் வலது தோளில் ஓங்கி அடித்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்மேல் கை வைத்தது அன்றுதான். கையைத் தலைக்கு மேல் தூக்க எனக்கு இன்றைக்கும் முடியவில்லை. அதற்கு மேலே அவள் அடித்திருக்கலாம், நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அத்தோடு அடங்கினேனா, இல்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போனேன், கட்டுப் போட்ட குழந்தையையும் இழுத்துக்கொண்டு. அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். மூன்று வருஷமாக என்னத்தைக் கிழித்தீர்கள் என்று கத்தி மேஜையை உதைத்தேன், பூந்தொட்டி ஒன்று உடைந்தது, வாட்ச்மேன் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். டீச்சர் புதிதாக வந்தவள், உன் வயசுதான் இருக்கும், ஆள் என் தோள் உயரம்கூட இல்லை. குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு "அடிக்கணும்னா அப்புறமா அடிங்க சார், முதல்ல பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க" என்றாள். அந்தக் குரலில் பயம் இருந்தது, ஆனாலும் நகரவில்லை. உட்கார்ந்தேன்.

டீச்சர் புத்தகத்தையே எடுக்கவில்லை. கதவுன்னு சொல்லு, சொல்லிக்கிட்டே அதுல எத்தனை துண்டு இருக்கோ அத்தனை தடவை கை தட்டு என்றாள். கடைக்குட்டி ஒரே ஒரு தட்டு தட்டினாள். கதவு எந்தச் சத்தத்துல ஆரம்பிக்குது என்று கேட்டாள். "கதவுலதான்" என்றாள் இவள். சரி, கதவுல க-வை எடுத்துட்டா என்ன மிஞ்சும் என்று கேட்டாள். குழந்தை ரொம்ப நேரம் யோசித்தாள், வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் மெதுவாக "ஓட்டை" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் விளையாடவில்லையம்மா, கதவிலிருந்து ஒன்றை எடுத்தால் ஓட்டைதானே மிஞ்சும். டீச்சர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். இவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, மூளையிலும் குறையில்லை. ஆனால் ஒரு சொல் இவள் காதில் ஒரே கட்டியாக விழுகிறது, அதற்குள்ளே சின்னச் சின்னச் சத்தங்கள் வரிசையாக இருக்கின்றன என்பது இவளுக்குத் தெரியாது. எழுத்து என்பது அந்தச் சத்தத்துக்குப் போட்ட அடையாளம், சத்தமே பிரியாதவளுக்கு எழுத்து வெறும் கோடும் சுழியும்தான். அதனால்தான் பாவம், பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு, படத்தைப் பார்த்து, ஒரு புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். "ஏமாத்தல சார், நம்மள விட மூணு மடங்கு உழைச்சிருக்கா, உங்களுக்குப் பயந்து" என்றாள். மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் யாரும் கவனிக்காதது தங்கள் தப்பு என்றும் ஒத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒன்று கேட்டாள், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. வீட்டில் பிள்ளைகள் சொல்லை உடைத்தும் திருப்பிப் போட்டும் விளையாடுவார்களே, அப்படி எதுவும் உங்கள் வீட்டில் கிடையாதா என்று கேட்டாள். உன் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே "இருந்துச்சு டீச்சர், இவரு நிறுத்திட்டாரு" என்றாள். உனக்கு ஞாபகம் இருக்கும், இல்லாமல் எங்கே போகும். உனக்கு ஐந்து ஆறு வயசில் நீயும் எதிர்வீட்டு டெய்லர் மகளும் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு க போட்டுப் பேசுவீர்கள், வா போகலாம் என்பதைக் கவா கபோ கக கலாம் என்று மாடிப்படியில் உட்கார்ந்து நாள் முழுக்க. அப்போது எனக்கு ஒரு மண்ணும் புரியாது, நீங்கள் சிரிக்கும்போதெல்லாம் என்னைத்தான் கேலி செய்கிறீர்கள் என்று பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் இரும்பு ஸ்கேலால் அடித்தேன், நீ கையைக் குறுக்கே கொடுத்தாய், உன் மோதிரவிரல் இன்றும் வளைந்துதான் இருக்கிறது. இனி இந்தப் பாஷை என் வீட்டில் கேட்டால் நாக்கை அறுப்பேன் என்றேன். அதற்கு அடுத்த வருஷம் நீ வகுப்பில் முதலாவதாக வந்தாய், அடி வேலை செய்தது என்று நம்பினேன். அடி விழுவதற்கு முன்பே நீ தெருவிலுள்ள போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாய், அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பேச்சை அப்படி உடைத்து உடைத்து விளையாடியதால்தான் உனக்கு எழுத்து சுலபமாக வந்தது என்கிறாள் டீச்சர். உன் தங்கச்சியும் நாலு வயசில் தெருவிலிருந்து அதே க பாஷையைக் கொண்டுவந்தாள், வந்த அன்றே வாயில் ஓங்கி ஒன்று போட்டேன், அதோடு விட்டுவிட்டாள். வீட்டில் சொல்லித் தர உன் அம்மாவுக்குத் தைரியம் இல்லை, நீயும் அப்போது போய்விட்டாய். எந்த விளையாட்டு அவளைத் தூக்கிவிட்டிருக்குமோ அதை நானே அடித்து விரட்டிவிட்டு, தெரியவில்லையே என்று அவளையும் அடித்திருக்கிறேன்.

ஆறு வாரமாகத் தினம் சாயங்காலம் அம்மாவும் அவளும் பின்னறையில் உட்கார்கிறார்கள், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. முதலில் கைதட்டல், அப்புறம் பல் என்ற சொல்லில் முதல் சத்தத்தை மாற்றிக் கல் ஆக்குவது, அப்புறம்தான் எழுத்து. அந்த நேரத்தில் நான் சுத்தியைத் தொடுவதில்லை. நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. போன செவ்வாய்க்கிழமை ஒரே சொல்லில் பதினோரு தடவை தடுக்கினாள், தாழ்ப்பாளுக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன், கதவை உதைக்கக் கால் தூக்கிவிட்டேன். கீழே இறங்கிப் போய், கீறல்கூட இல்லாத ஒரு பம்பரை இடது கையால் அடித்துச் சப்பையாக்கினேன். வண்டிக்காரருக்குப் புதிதாக வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். எதற்கு எழுதுகிறேன் என்றால், அந்தக் கோபம் எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறது, உனக்குத் தெரிய வேண்டும்.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை அம்மா தாழ்ப்பாள் போட மறந்துவிட்டாள். டீச்சர் கொடுத்த புதுப் புத்தகம், உன் தங்கச்சி அதுவரை கண்ணால்கூடப் பார்க்காதது. படமே இல்லாத பக்கம். நான்கு வரி வாசித்தாள். ஒவ்வொரு சத்தமாக இழுத்து, பக்கத்துச் சத்தத்தோடு ஒட்டி, சொல் வந்ததும் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு வாசித்தாள், மனப்பாடம் இல்லை, சத்தியமாக வாசித்தாள். வாசலில் நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். எங்கெல்லாம் தடுக்கினாளோ அங்கெல்லாம் அவளுடைய இடது கை தானாக மேலே வந்து கன்னத்தையும் காதையும் மூடிக்கொண்டது. சொல் கிடைத்ததும் இறங்கியது. அடுத்த சொல்லுக்கு மறுபடியும் ஏறியது. நான்கு வரியில் ஏழு தடவை. அவளுக்கே அது தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, அவள் என்னிடம் சொல்லவில்லை. கடைசி வரி முடிந்ததும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள், புத்தகத்தோடு மேஜைக்கு அடியில் போய்விட்டாள்.

வா, பெரியவளே. காலை உடைப்பேன் என்று சொன்னதை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போ, அம்மாவும் வருகிறேன் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு போ. பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ வருகிற அன்று பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பேன், நீங்கள் கிளம்பிப் போகும்வரை வெளியே வரமாட்டேன்.

நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும், நான் வாழ்த்தினால் பலிக்குமோ என்னவோ, வாழ்த்துகிறேன். என்ன விளையாட்டு, எத்தனை நிமிஷம் என்று டீச்சர் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அம்மா கொண்டுவருவாள், ஒருநாளும் விடாதே. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவள் வாசிக்கும்போது உன் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொள், அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி.

இப்படி எழுதும் உரிமை மிச்சம் இருந்தால்,
உன் அப்பா