யன்னலில் நின்றவள்

ஹம்
ஜேர்மனி, 22.03.2024, வெள்ளி இரவு

என் அன்புச் சிவானுஜாவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். நலம் கெட்டுப்போனது இங்கே எனக்குத்தான்.

உன் அம்மா இன்றைக்கு மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். முதல் தரம் நீ குளிக்கிறாய் என்றேன். இரண்டாம் தரம் நீ என் ஆதிரையைப் பிள்ளை வண்டிலில் வைத்து உலாத்தப் போய்விட்டாய் என்றேன். மூன்றாம் தரம் நீ நித்திரை. "என்னடி பிள்ளை, உனக்கு உதவிக்கு வந்தவள் தானே குளிச்சு, உலாத்தி, நித்திரையும் கொண்டால் உனக்கு என்ன உதவி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிலக்சிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு உடம்பு தேறவில்லை, மூன்று கிழமை லீவு போட்டு அவளோடு நிற்கப் போகிறேன் என்று வுப்பர்டாலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பிராங்பேர்ட்டில் விமானம் ஏறித் தாய்வானுக்குப் போனவள் நீ. உதவி செய்துகொண்டிருப்பது நான்.

கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். இந்தக் கிழமைக்குரிய பொய்கள் முடிந்துவிட்டன. டோர்ட்முண்டில் படித்த காலத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம் இது. ஆளுக்கொரு முதுகுப்பை, சந்தை சந்தையாகச் சாப்பாடு. இப்போது உன் முதுகில் பை, என் தோளில் ஏழு மாதப் பிள்ளை.

ஆரூரன் வேலைக்குப் போகும்போது சப்பாத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அந்த மனுசி உன்னை நம்பித்தான் விட்டிருக்கு. ஏதும் நடந்தால் நீதான் பதில் சொல்லவேணும்." ஏதும் நடந்தால் என்று ஏன் சொன்னார்? என் மனுசன் ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போனால் விடியும்வரை நான் அதோடு கிடப்பேன்.

அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் நீயே எடு. படம் இல்லாமல், குரல் மட்டும். எனக்கு இந்தப் புது மின்னஞ்சலுக்கே எழுது. வாட்ஸ்அப் உங்கள் வீட்டு ரப்லெட்டிலும் திறக்கும், அம்மா கண்ணில் படும் என்று சொன்னவளே நீதான்.

என்ன சாப்பிட்டாய்? அதையாவது எழுது.

உன்,
நிலக்சி


தைனான்
25.03.2024

என் காவல் தெய்வம் நிலக்சிக்கு,

திட்டு முழுவதையும் வாசித்தேன். எல்லாம் எனக்கு உரியதுதான். இனிச் சாப்பாட்டுக்கு வருவோம்.

இன்று காலையில் பாலை மீன் கஞ்சி குடித்தேன். ஓம், நம் பாலை மீனேதான். முள்ளுக்குப் பயந்து அம்மா வாங்காத அதே மீன். இங்கே கடைக்கார அக்கா ஒரு முள் விடாமல் எடுத்து, இஞ்சி சீவிப் போட்டு, கோப்பை விளிம்பு வரைக்கும் ஊற்றித் தருகிறார். மத்தியானம் பன்றி இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டி வற்றக் காய்ச்சிச் சோற்றின்மேல் ஊற்றினார்கள். இரவுச் சந்தையில் கண்டதை நீ நம்பமாட்டாய். கச்சான் அல்வா! கடலையும் பாகும் சேர்த்த தலையணை அளவுக் கட்டி. அதை மரம் சீவுகிறமாதிரிச் சீவி, மெல்லிய ரொட்டியில் பரப்பி, மேலே ஐஸ்கிறீம் வைத்து, அதற்குமேல் மல்லித்தழை தூவிச் சுற்றித் தருகிறார்கள். மல்லித்தழை எதற்கு என்று நினைத்துக்கொண்டே இரண்டாவதையும் வாங்கினேன். தெருமுனையில் மலக்குழாய் உடைந்துவிட்டது என்று மூக்கைப் பொத்தினேன், பார்த்தால் அதுவும் ஒரு சாப்பாட்டுக்கடை. புளிக்கவைத்த தோஃபுவைப் பொரிக்கிறார்கள். மொறுமொறு என்று நன்றாக இருந்தது. வாயை மூன்று தரம் கொப்பளித்தேன்.

இங்கே கடலைக் காக்கும் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. நாம் பூக்கட்டிப் பார்க்கிறமாதிரி இவர்கள் பிறை வடிவில் இரண்டு மரத்துண்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தால் ஓம். இரண்டும் குப்புற என்றால் இல்லை. இரண்டும் மல்லாக்க விழுந்து ஆடினால் அம்மன் சிரிக்கிறாராம், திருப்பிக் கேட்கவேண்டும். அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டுப் போட்டேன். அம்மன் சிரித்தார். திருப்பிப் போட்டேன். திரும்பவும் சிரித்தார். பக்கத்தில் நின்ற கிழவரும் சேர்ந்து சிரித்தார்.

நிலக்சி, கேட்டிருந்தால் அம்மா விட்டிருக்கமாட்டார் என்று உனக்குத் தெரியும். "கலியாணம் முடிச்சு புருசனோடை போ" என்பார். அப்பா செத்த பிறகு அம்மாவிடம் மிஞ்சியது பயம். இருபத்தெட்டு வயதில் முதல் தரமாக ஒரு தெருவில் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் நடக்கிறேன். வந்ததும் நானே சொல்வேன், என் வாயால். வேறொருவர் வாயால் அவர் கேட்டால் என்னை இனி ஒருபோதும் நம்பமாட்டார். அதுவரைக்கும் நீ வாய் திறவாதே. இது ஒன்றுதான் கேட்கிறேன்.

ஆதிரையின் கன்னத்துக்கு ஒரு கடி.

சிவானு


ஹம்
29.03.2024, பெரிய வெள்ளி

சிவானுஜா,

இன்று நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது.

ஈஸ்டர் திங்களன்று ஹம் அம்மன் கோயிலுக்கு வருவதாகவும், பூசை முடியத் தன் பிள்ளையையும் என் பிள்ளையையும் பார்க்க வீட்டுக்கு வருவதாகவும் உன் அம்மா சொன்னார். வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாயில் என்ன வந்ததென்றால், "அன்ரி, ஆதிரைக்கு அம்மாள் வருத்தம்."

சொல்லிவிட்டேன். என் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று, என் வாயால்.

உன் அம்மா உடனே குரலைத் தாழ்த்தினார். "அம்மாளாச்சி வந்த வீட்டுக்கு நான் கோயிலாலை வரக்கூடாது. சிவானுவுக்குச் சின்னனிலையே வந்திட்டுது, அவள் நிண்டு பாக்கட்டும். இறைச்சி, மீன் ஒண்டும் காய்ச்சாதேங்கோ."

போனை வைத்ததும் ஆதிரையின் சட்டையைக் கழற்றி முதுகு, அக்குள், கால் எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை. அரை மணித்தியாலத்தில் திருப்பிப் பார்த்தேன். இரசாயனம் படித்தவள், வைரசுக்குக் காது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குளிர்ப்பெட்டியில் இருந்த கோழியை மேல்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். நீ அங்கே பன்றிச் சோறு சாப்பிடுகிறாய். உன் பொய்க்காக நாங்கள் இங்கே மரக்கறி சாப்பிடுகிறோம். ஆரூரன் பருப்பைப் பார்த்துவிட்டு ஊறுகாய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நிலக்சி


ஹுவாலியன்
31.03.2024

நிலக்சிக் குஞ்சு,

சிரித்தேன், பிறகு எனக்கே ஒருமாதிரி இருந்தது. பிள்ளையை இதற்குள் இழுத்ததற்கு மன்னித்துக்கொள்.

ரயிலில் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் இந்த ஊர். நாளை மறுநாள் தரோகோ என்ற பள்ளத்தாக்குக்குள் போகிறேன். வெள்ளைக் கல் மலையை ஆறு இரண்டாக அறுத்து வைத்திருக்கிறது. உள்ளே ஒரு சின்ன விடுதி, அங்கே தங்கல். சிக்னல் வரும், போகும் என்கிறார்கள். மூன்றாம் திகதி பின்னேரம் கட்டாயம் அம்மாவுக்கு எடுப்பேன்.

இன்னும் கொஞ்ச நாள்தான். தாங்கு.

சிவானு


ஹம்
01.04.2024

சிவானுஜா,

தாங்கச் சொன்னாய். கேள்.

உன் அம்மா வந்தார். மேலே ஏறவில்லை, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுகொண்டு எனக்கு எடுத்தார். "வேப்பிலைக் கட்டும் விபூதியும் கீழ்க்கதவடியிலை வைச்சிருக்கிறன். அவளை ஒருக்கா யன்னலடிக்கு வரச்சொல்லு. பாத்திட்டுப் போறன்."

என்ன செய்வேன்? நீ இங்கே விட்டுப்போன சிவப்புக் குளிர்ச்சட்டையைப் போட்டேன். தலை முழுகியவள் மாதிரி ஒரு துவாயைச் சுற்றினேன். மெல்லிய திரைக்குப் பின்னால் நின்று கையைக் காட்டினேன். இரண்டாம் மாடி, யன்னலில் வெளிச்சம் பட்டுத் தெறித்திருக்கும், முகம் தெரிந்திராது.

அவர் கையைத் தூக்கி ஆட்டினார், நிற்பாட்டவே இல்லை. பிறகு விரல்களைக் கூட்டி வாயடிக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டியோ என்று கேட்டார். நான் உன்னைப்போலத் தலையை ஒரு பக்கம் சரித்து ஓம் என்றேன். அதைப் பார்த்துச் சிரித்தார். பேருந்து வந்து ஏறும்வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் ஆரூரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "உனக்கு விசரோ, நிலக்சி?"

பைத்தியம் பிடித்திருக்கலாம். இது என்னால் ஏலாது. வந்து முதல் வேலையாக அவரிடம் சொல். விமான நிலையத்திலேயே சொல்.

நிலக்சி


ஹம்
03.04.2024

சிவானு,

எங்கே நிற்கிறாய்?

விடிய ஆதிரைக்குப் பால் கொடுக்கும்போது போனைத் திறந்தேன். ஹுவாலியனில் நிலநடுக்கம். நீ நிற்கிற ஊர். தரோகோவுக்குள் மலை இடிந்து பாதையெல்லாம் கல். உள்ளே ஆட்கள் அகப்பட்டிருக்கிறார்களாம். உன் போன் போகவில்லை. விடுதி இலக்கமும் போகவில்லை. தூதரக இலக்கத்துக்கு எடுத்து உன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். குடும்பத்தவரா என்று கேட்டார்கள். நான் யார், சிவானு? என்ன சொல்லியிருக்கவேண்டும்?

மத்தியானம் உன் அம்மா எடுத்தார். "இவளின்ரை போன் ஏன் நிப்பாட்டிக் கிடக்கு? திருத்தக் குடுத்ததோ?" ஓம் என்றேன். பிறகு அவர் சும்மா சொன்னார்: "ரிவியிலை பாத்தனியே? தாய்வானிலை நிலம் நடுங்கினதாம். பாவங்கள். ஆர் பெத்த பிள்ளையளோ." நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அடுப்படி நிலத்தில் குந்திவிட்டேன்.

உன்னிடம் தந்த வாக்கு இருக்கிறது. ஆனால் அவர் இப்போது உனக்காகவும் அறியாமலேயே பரிதாபப்பட்டுக்கொண்டிருக்கிறார். இதை எப்படி நான் பார்த்துக்கொண்டிருப்பது?

ஒரு சொல் அனுப்பு. விடியும்வரைக்கும் பார்ப்பேன். விடிந்தால் சொல்லிவிடுவேன்.

நிலக்சி


ஹுவாலியன்
05.04.2024

என் நிலக்சி,

உயிரோடு இருக்கிறேன். முழங்காலில் ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

காலைச் சாப்பாட்டுக்கு முட்டை ரொட்டியை வாயில் வைத்தேன், கோப்பை தானாக நடக்கத் தொடங்கியது. பிறகு மலை கத்தியது. அந்தச் சத்தத்துக்கு என்னிடம் சொல் இல்லை. வெளியே ஓடினோம், வெள்ளைப் புழுதியில் ஒருவரை ஒருவர் தெரியவில்லை. பாதை இரண்டு பக்கமும் மூடிவிட்டது. கரண்ட் இல்லை. விடுதிக்கார அக்கா குளிர்ப்பெட்டியில் இருந்ததெல்லாம் பழுதாக முன்னம் எங்களுக்குச் சமைத்துப் போட்டார். முதலில் மீன், பிறகு கீரை, கடைசியில் உப்புப் போட்ட சோறு. நில அதிர்வு வரும்போதெல்லாம் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அந்த உப்புச் சோறுதான்.

இன்று பாதையில் கல்லை ஒதுக்கி எங்களை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஒருவர் தன் போனைத் தந்தார். எனக்குப் பாடமாகத் தெரிந்தது எங்கள் வீட்டு லாண்ட்லைன் மட்டும்தான். எடுத்தேன்.

"ஆர்?"

"அம்மா, நான். அம்மா, நான் ஹம்மிலை இல்லை."

எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் தெரியுமா! பிறகு, "அப்ப எங்கையடி நிக்கிறாய்?"

"தாய்வானிலை."

"தாய்வானிலையோ! அங்கை உனக்கு என்னடி வேலை? உந்த நிலக்சிக்கும் தெரியுமோ? வரட்டும் அவள், நான் கதைக்கிறன்!"

திட்டித் திட்டி அழுதார். நானும் அழுதேன். போன் தந்த பெடியன் மறுபக்கம் திரும்பி நின்றான்.

உன் கடிதங்களைப் பிறகுதான் வாசித்தேன். விடிந்தால் சொல்வேன் என்று எழுதியிருந்தாய். சொல்லவில்லை. நெருப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். என்னையே சொல்லவிட்டாய். உன்னைப்போல ஒருத்தி எனக்கு இனிக் கிடைக்கமாட்டாள்.

செவ்வாய் காலை பிராங்பேர்ட்டில் இறங்குவேன்.

சிவானு


ஹம்
06.04.2024

அன்பு சிவானுஜா,

நீ உயிரோடு இருக்கிறாய். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும், அடுத்த வரிக்குப் பிறகு நீ வாசிக்காமல் விடலாம்.

நான் சொல்லிவிட்டேன்.

வியாழன் காலை ஆதிரையைத் தூக்கிக்கொண்டு வுப்பர்டாலுக்கு ரயில் ஏறினேன். கதவைத் திறந்த உன் அம்மா பதறினார். "அம்மாள் வருத்தத்துக்கு இன்னும் தண்ணி வாக்கேல்லையே, பிள்ளையை ஏன் வெளியிலை கொண்டு வந்தனீ?" என்று சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தார். மற்றக் கையையும் பார்த்தார். "ஒரு புள்ளியும் இல்லையே…" என்றவர் எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார். "அவள் எங்கை?"

"அன்ரி, அண்டைக்கு யன்னலிலை கை காட்டினது நான்."

அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிள்ளை நல்லா மெலிஞ்சுபோனாள் எண்டு பஸ்ஸிலை முழுக்க யோசிச்சுக்கொண்டு போனனான்," என்றார். பிறகு நீ நிற்கும் இடத்தைச் சொன்னேன். சப்பாத்து அலுமாரிமேல் அப்படியே குந்திவிட்டார்.

அன்று இரவு அங்கேயே தங்கினேன். ஆதிரையை மடியைவிட்டு இறக்கவில்லை அவர். என்னை ஏசவில்லை. நீ என்னென்ன சாப்பிட்டாய் என்று எழுதினாயா என்று ஒருதரம் கேட்டார். பாலை மீன் கஞ்சியைச் சொன்னேன். "முள்ளு எடுத்தவையோ?" என்றார். ஓம் என்றேன்.

நேற்றுக் காலை லாண்ட்லைன் அடித்தபோது நான் எழும்பினேன். அவர் கையைக் காட்டி என்னை நிற்பாட்டினார். நீ "நான் ஹம்மிலை இல்லை" என்று சொன்னது எனக்கும் கேட்டது. பேசாமல் இருந்தார் என்று எழுதினாயே, அந்த நேரம் அவர் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார். பிறகு உன்னைத் திட்டினார், நீ கேட்டமாதிரியே. போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "கேட்டனியோ? தானாச் சொன்னவள். நான் ஒண்டும் கேக்கேல்லை, தானாச் சொன்னவள். நீ முன்னமே சொன்னது அவளுக்குத் தெரியவேண்டாம்."

சரி என்று அவருக்கும் வாக்குக் கொடுத்தேன். நீ எனக்கு அந்த நன்றியை எழுதியிராவிட்டால் காப்பாற்றியுமிருப்பேன். செய்யாத ஒன்றுக்கு வந்த நன்றியை வைத்துக்கொண்டு என்னால் படுக்க ஏலவில்லை. உனக்குத் தந்த வாக்கை முறித்ததற்கு வருந்துகிறேன், ஆனால் சொன்னதற்கு வருந்தவில்லை. இனியொரு நாள் ஆதிரை எங்கேயோ ஒரு மலைக்குள் அகப்பட்டிருக்க, அது தெரிந்த ஒருத்தி என்னோடு வானிலை கதைத்துக்கொண்டிருந்தாள் என்றால் அவளை நான் வாசலில் ஏற்றமாட்டேன். மறுபடி நடந்தாலும் சொல்வேன். இனி என்னிடம் இப்படி ஒன்றைத் தந்து வைக்காதே.

செவ்வாய்க்கிழமை அம்மா பிராங்பேர்ட்டுக்கு வருகிறார். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். "அவளுக்கு முன்னாலை உன்னை நாலு பேச்சுப் பேசுவன், நீ ஒண்டும் நினையாதை," என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்.

நீ என்னோடு கதைக்காமல் விடலாம். ஆனால் அவர் பேசும்போது குறுக்கே வராதே. உனக்குத் தெரியும் என்று முகத்தில் காட்டாதே. நீயாகச் சொன்னாய் என்பது அவருக்குப் பெரிய காரியம். அதை அவரிடமிருந்து நாம் இரண்டு பேரும் எடுக்கக் கூடாது.

அங்கே நான் அழுவேன். அதை மட்டும் நடிப்பு என்று நினைத்துவிடாதே.

நிலக்சி