நாற்றம் முதலில் தெரிந்தது எனக்குத்தான்

காட்டுப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வடிவு அக்காவுக்கு,

அம்மா இப்போதெல்லாம் தண்ணீர்ப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள். யாரிடம் கற்றாள் என்று கேட்பாய். சபீனாவிடம். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

அம்மா வேலை பார்க்கும் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறவள் சபீனா. என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். மாடிக்கு மாடி குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனை செய்வது அவள் படிப்பில் ஒரு வேலையாம். பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு அம்மா கூடவே போகிறாள். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை டிரம்மில் பிடித்துத் தரை துடைக்கலாம் என்று சொன்னதும் அவள்தானாம். வீட்டில் நான் பாத்திரம் துலக்கும்போது குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தால் போதும், “சபீனா பாத்தா இன்னா சொல்லும்?” என்கிறாள். சபீனா இங்கே எதற்கு வரப்போகிறாள்?

நம் வீட்டு போர்வெல் தண்ணீர் நாறுகிறது என்று மழைக்குப் பிறகு நான் எத்தனை தரம் சொன்னேன். “உனக்கு மட்டும் இன்னா தனி மூக்கு? குடிச்சிட்டுப் போடி” என்றாள். அப்புறம் ஒருநாள் அதையே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சபீனாவிடம் கொடுத்திருக்கிறாள். சோதனையில் தண்ணீர் கறுத்துப்போனதாம். சாக்கடை கலந்திருக்கிறது, குடிக்காதீர்கள் என்றாளாம். அன்றைக்கே கேன் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரரோடு சண்டையும் ஆயிற்று. பத்தாவதோடு நின்ற நான் சொன்னால் தண்ணீர்கூட நாறாது போல.

நேற்று அம்மா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே போகக் கூச்சமாக இருந்தது, விடுதி வாசலிலேயே நின்றேன். அம்மாவோடு வந்த சபீனா என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“நாத்தம்னு முதல்ல சொன்னது நீதானே? ‘எம் பொண்ணு சொன்னா தப்பாவாது, நல்லா பாத்துச் சொல்லு’ன்னுதான் உங்கம்மா பாட்டிலைக் குடுத்தாங்க” என்றாள்.

அம்மா டப்பாவைத் திறந்து குழம்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை அக்கா. அந்த வார்த்தையையும் என்னிடம் சொல்லாமல் சபீனாவிடம்தானே சொல்லியிருக்கிறாள்.

இன்னும் இரண்டு மாடி பாக்கி, வருகிறாயா என்று சபீனா கேட்டாள். அம்மா கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு இருவருக்கும் முன்னால் படியேறினேன். குழாயை நானே திறந்தேன்.

மாமாவை விசாரித்ததாகச் சொல். அம்மா போனில் என்னைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொன்னால், மறக்காமல் எனக்கும் சொல்.

உன் தங்கை,
ரேகா