கை மட்டும் படித்தவள்

20 ஆகஸ்ட் 1971
மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலுக்கு வந்து பதினெட்டு நாள். இட்லிக்கு இரண்டு சட்னி தருகிறார்கள், எதுவும் இறங்கவில்லை. வகுப்பில் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் கொட்டுகிறது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, பி.யு.சி.யை உருப்போட்டே கரையேறியவள் நான். கை ஓடினால் காது நிற்கிறது, காது ஓடினால் கை நிற்கிறது.

அறைத்தோழி ஆனந்தவல்லி, கும்பகோணம். “எங்களுக்கு நிலம் இருந்தது, இப்போ கேஸ் இருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சீனியரிடம் வாங்கிய பாதி எலும்புக்கூடு அவளுடையது. “ராஜாத்தி, வேணுங்கிறப்போ எடுத்துக்கோ, கேக்காதே” என்றாள். நானும் கேட்பதில்லை.

29 ஆகஸ்ட்
பிணம் அறுக்கும் ஹாலின் ஃபார்மலின் வாசனை சோற்றிலும் வருகிறது. இன்றும் மோர்தான்.

14 செப்டம்பர்
முதல் வாய்மொழித் தேர்வு. மேல்கை. ஸ்ரீநிவாசன் சார் புஜத்து எலும்பை மேஜையில் வைத்து, பின்பக்கமாகச் சுற்றி வரும் நரம்பு எது, அது என்ன வேலை செய்யும் என்று இங்கிலீஷில் கேட்டார். தெரியும். அது எலும்பை ஒட்டி எப்படி வளைந்து இறங்குகிறது என்று கண்ணுக்குள் படமாக நிற்கிறது. வாய் திறந்தால்தானே!

“தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லும்மா. ஊமையா உட்கார்ந்தா நான் என்னத்தை மார்க் போடறது?” என்றார். இருபதுக்கு மூன்று. அடுத்த மாதம் திரும்ப வர வேண்டும். அதிலும் தேறாவிட்டால் பரீட்சைக்கு அனுப்புவதே சந்தேகமாம்.

தெரியும் சார், தெரியும், தெரியும்! — இதை இந்த நோட்டில் எழுதி யாருக்கு என்ன பிரயோசனம்?

2 அக்டோபர்
ஊருக்கு வந்தேன். வலங்கைமானில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்தது, ஊர் சரியில்லை. குறுவை முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. கூலி நெல் கூடுதலாகக் கேட்டதற்குப் பண்ணை வெளியூர் ஆளை இறக்கியிருக்கிறது. விவசாயக் கூலிகள் சங்கத்தார் வரப்பில் கொடி நட்டு அறுப்பை மறித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியிருக்கிறது.

நான் வந்ததும் வாசலில் கூட்டம். ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருவருக்கு இருமல். “நான் இன்னும் டாக்டர் இல்ல. கை மட்டும்தான் படிச்சிருக்கேன்” என்றேன். ராசம்மாள் அத்தை விடுவாளா? “அப்ப உன் மாமன் கையப் பாரு!”

காத்தான் மாமா அம்மாவின் தம்பி, அத்தையின் புருஷன். அப்பா போனதிலிருந்து என்னைப் படிக்க வைத்தது அவர்தான். வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. விரல்களெல்லாம் கீழே தொங்குகின்றன. “வரப்புல வழுக்கி விழுந்துட்டேன் புள்ள. நாட்டு வைத்தியர் இளையபெருமாள் கட்டு போட்டிருக்காரு, சரியாப் போயிடும்” என்றார். வீட்டில் சட்டையே போடாத மனுஷன், இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். டீ வாங்கும்போது கொதிக்கக் கொதிக்கப் புறங்கையில் சிந்தியது. கையை இழுக்கக்கூட இல்லை.

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். ஸ்ரீநிவாசன் சார் பார்த்த மாதிரியே. எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. “எனக்குத் தெரியாது! என்னை ஏன் கேக்குறீங்க?” என்று கத்திவிட்டேன். மாமா சிரித்துச் சமாளித்தார். அதுதான் இன்னும் குத்துகிறது.

அம்மாவிடம், நான் திரும்பப் போகவில்லை, வயல் வேலைக்கே வந்துவிடுகிறேன் என்றேன். “வாயேன். கருக்கருவாளத் தீட்டித் தரேன். இங்க இருக்கறவளுக்கே அறுப்பில்லாமக் கெடக்கு, நீ எங்க போயி அறுப்ப?” என்றாள். முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

9 அக்டோபர்
மறுதேர்வு திங்கட்கிழமை. ஆனந்தவல்லி என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். “அந்த நரம்பு அடிபட்டா கை எப்படி இருக்கும்?” என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் தானே கையை நீட்டி மணிக்கட்டைத் தொங்கவிட்டுக் காட்டினாள்.

மாமாவின் கை!

கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டுதானே வீங்க வேண்டும்? வீக்கமே இல்லையே. கட்டைவிரலுக்குப் பக்கத்துப் புறங்கை மரத்துப் போகும் என்று புத்தகத்தில் இருக்கிறது — டீ சிந்தியதே! அந்த நரம்பு எலும்போடு எலும்பாக ஒட்டி ஓடுவது மேலே, புஜத்தில். சட்டைக்குள்ளே.

விழவில்லை. யாரோ அடித்திருக்கிறார்கள். மணிக்கட்டில் கட்டு போட்டு என்ன ஆகும்? அய்யோ, எல்லாம் என் கண் முன்னாடிதானே இருந்துச்சு. பாவி, தெரியாதுன்னு கத்திட்டு வந்துட்டேனே. காலையில் முதல் பஸ்.

11 அக்டோபர்
நேற்று போய் நின்றதும் கேட்டேன், “மாமா, சட்டையக் கழட்டுங்க.” மாட்டேன் என்றார். நானே பட்டனைக் கழற்றினேன். புஜம் கன்றிப் பச்சையும் கறுப்புமாக இருந்தது. “யாரு அடிச்சா?”

பண்ணை வேலையை மேற்பார்க்கும் காரியக்காரர் துரைராசு. வரப்பை மறித்த அன்று, மூங்கில் தடியால்.

“ஆசுபத்திரிக்குப் போனா போலீசுக்குச் சொல்லுவாங்க. மறிச்சவன் லிஸ்ட்ல என் பேரு இருக்கு, என்னையும் புடிப்பான். போதாக்குறைக்கு அந்த ஆளு, ‘உன் அக்கா மவ டாக்டருக்குப் படிக்குதாமே, பாத்து நடந்துக்க’ன்னான். உன் படிப்புல ஒரு வில்லங்கம் வந்துடக்கூடாது புள்ள.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “நான் படிச்ச படிப்பே இந்த ஒரு கைதான் மாமா! இதையும் பாக்கக்கூடாதுன்னா எனக்கு எதுக்கு அந்தப் படிப்பு?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். அவர் ஆசுபத்திரிக்குக் கிளம்ப வேட்டியை மாற்றப் போனார்.

இன்று காலை எங்கள் காலேஜ் ஆசுபத்திரியில் எலும்புப் பிரிவு. எக்ஸ்ரேயில் புஜத்து எலும்பில் கோடு போட்ட மாதிரி விரிசல். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். மாமா, “கீழ விழுந்து...” என்று தொடங்கினார். என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “இல்லீங்க, அடிச்சாங்க. காரியக்காரர் துரைராசு. எழுதிக்கங்க” என்றார்.

நரம்பு அறுந்த மாதிரி இல்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். மாவுக்கட்டு போட்டு, வார்டில் சேர்த்து முடிக்கும்போது பதினொன்றரை. தேர்வு பத்துக்கு.

13 அக்டோபர்
ஸ்ரீநிவாசன் சாரைப் பார்த்தேன். நடந்ததைத் தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டார். “நீ செஞ்சது சரிம்மா. ஆனா வராதவளை வந்தான்னு எழுத முடியாது. நவம்பர் கடைசியில ஒரு சான்ஸ் தரேன். அதுக்கப்புறம் என்கிட்டே வராதே.” கோபம்தான் வந்தது. அவர் பக்கம் தப்பில்லை என்பதும் தெரிகிறது, அதனால் இன்னும் கோபம்.

21 அக்டோபர்
வார்டிலிருந்தே மாமாவைக் கைது செய்து கொண்டுபோய்விட்டார்கள். அறுப்பை மறித்த கேஸ். துரைராசு மீதும் கேஸ் பதிவாகியிருக்கிறது, அவர் அன்றே ஜாமீனில் வந்துவிட்டார். நான்தான் கூட்டிவந்து மாட்டிவிட்டேனா?

1 நவம்பர்
ஒன்பது நாள் கழித்து மாமாவுக்கு ஜாமீன். கட்டைப் பார்க்க ஆசுபத்திரிக்கு வந்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு, மன்னிச்சுக்கங்க மாமா என்றேன். “அட போ புள்ள. உள்ள இருந்தவங்கள்ல பாதிப் பேரு நம்ம ஆளுங்கதான். நீ உன் பரிச்சையப் பாரு” என்றார்.

24 நவம்பர்
விடாத மழை. கட்டு பிரித்தார்கள். மாமாவின் மணிக்கட்டு ஒரு விரல்கடை அளவு எழும்பியது, பிறகு தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கச் சொன்னேன், தூக்கினார். ஆனந்தவல்லி “மாமா, இன்னொரு தடவை!” என்றாள். பாவம், அவருக்கு வியர்த்துவிட்டது. சம்பா அறுப்புக்குள் கருக்கருவாள் பிடிக்க முடியுமா என்று டாக்டரைக் கேட்டார். முடியாது, அடுத்த குறுவைக்குப் பார்க்கலாம் என்றார் அவர்.

30 நவம்பர்
சார் அதே எலும்பை வைத்தார். தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டேன். “பரீட்சைக்கு வெளியூர்லேர்ந்து வரவர் கேட்டுண்டு இருக்க மாட்டாரும்மா” என்றார். சரி, போகட்டும் என்று இங்கிலீஷிலேயே தொடங்கினேன். வினைச்சொல் ஒன்றும் இடத்தில் உட்காரவில்லை. ஒரு இடத்தில் நரம்பை ‘இட்’ என்பதற்குப் பதில் ‘ஹி’ என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஆனால் நிறுத்தவில்லை. எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, அடிபட்டால் எந்த விரல் போகும், எந்த இடம் மரக்கும், எல்லாம் சொன்னேன்.

என்னென்ன காரணத்தால் அடிபடும் என்று கேட்டார். எலும்பு முறிவு, கக்கத்தில் கட்டை ஊன்றி நடப்பது, நாற்காலியில் கையைத் தொங்கவிட்டுத் தூங்குவது — புத்தகத்தில் உள்ளதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

“வேறே?”

“தடியால் அடித்தால், சார். நோயாளி விழுந்தேன் என்றுதான் சொல்வார். சட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.”

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இது எந்தப் புக்கில இருக்கு?” என்று தமிழில் கேட்டார். எதிலும் இல்லை சார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். பன்னிரண்டு. பாஸ்.

வகுப்பில் கை முடிந்து கால் பாடமும் பாதி ஓடிவிட்டது, நான் இன்னும் தொடைக்கே வரவில்லை. நாளைக்கு எழுந்ததும் தொடை.