மூன்றாவது துண்டு

அக்கா, உன் தையல் மிஷின் டிராயரைத் திறந்ததும் அதே எண்ணெய் வாசம். அடியில் மாத்திரை டப்பிக்குள் உன் காந்தம் இருந்தது. புது ஊசி தேடித்தான் திறந்தேன். இருந்த ஊசியை நான் உடைத்துவிட்டேன்.

அம்மாவுக்குத் தெரியாது. காய்ச்சல் மாத்திரை போட்டு அசந்து தூங்குகிறாள். "படிக்கிற பிள்ளை மிஷின்ல உக்காரக் கூடாது" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்! காலை ஏழு மணிக்குச் சரக்கு எடுக்க வேன் வந்துவிடும், இன்னும் பன்னிரண்டு குழந்தைச் சட்டை பாக்கி. அதனால்தான் உட்கார்ந்தேன்.

ஊசி மூன்றாக உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது. முனையைக் காணோம். தரை, பாய், என் பாவாடை மடிப்பு எல்லாவற்றிலும் காந்தத்தை ஓட்டிவிட்டேன். தைத்த சட்டைகள் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினேன். தையலுக்குள் சிக்கியிருந்தால் விரலுக்கும் தெரியாது, காந்தத்துக்கும் வராது. செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் அணைத்துவிடுகிறேன்.

நீ தைக்கப் போன நல்லூர் கம்பெனிக்கு உனக்குச் சோறு கொண்டுவந்த அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? அன்று உன் ஊசியும் உடைந்தது. எல்லாத் துண்டையும் நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். உன்னிடம் ஒரு துண்டு குறைந்தது. பக்கத்து மிஷின் அக்கா தன் பர்ஸிலிருந்து ஒரு பழைய முனையை எடுத்து நீட்டினாள். "இதுக்குன்னே நாலு வெச்சிருக்கறனுங்க. ஒட்டுங்க, யாரு பாக்கறாங்க?"

நீ வாங்கவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொன்னாய். லைன் முழுக்க நின்றது.

"அல்லேலூயா அக்கா தேட ஆரம்பிச்சிட்டாங்க. இன்னிக்கு டீ இல்லீங்க!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன் சோற்று டப்பாவோடு ஓடிவிடலாம் போல இருந்தது. நீ மட்டும் முழங்காலிட்டு மிஷினுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாய். கடைசியில் உன் செருப்பின் அடியில் குத்தியிருந்தது.

அன்று ராத்திரி ஜெபத்தில் அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னாய். அம்மாவுக்குக் கோபம். "ஏட்டி, நாலு பேரு முன்னால மானம் போச்சு. இதுக்குமா ஸ்தோத்திரம்?"

"முனை என் செருப்புலதானம்மா இருந்துச்சு. ஏதோ ஒரு பிள்ளை கழுத்துல இல்ல. அதுக்குத்தான்."

அன்று எனக்கு அது விளங்கவில்லை.

இங்கே நோட்டு கிடையாது அக்கா. யாரும் துண்டுகளை எண்ணப் போவதில்லை. இது உள்ளூர்க் கடைகளுக்குப் போகிற சரக்கு, துணிக்குள் ஊசி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க மிஷினும் இல்லை. நான் பேசாமல் மூட்டையைக் கட்டிவிடலாம். ஆர்டர் இல்லாமல் தெருவில் பாதி யூனிட் பூட்டிக் கிடக்கிறது. அம்மா எத்தனை வாசல் ஏறி இந்த வேலையை வாங்கினாள்! ஊசி முனை இருக்கிறது என்று சொன்னால் நாளைக்கே நிறுத்திவிடுவார்கள். அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்?

நீ காய்ச்சலில் போய் ஒன்பது மாதம். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும்போது ஒவ்வொருவராக எழுந்து, கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொல்கிறார்கள். நான் எழுந்திருப்பதே இல்லை. எதற்கென்று சொல்வது?

இப்போது ஒரு சட்டையை மடியில் விரித்து வைத்திருக்கிறேன். கழுத்து என் உள்ளங்கை அளவுகூட இல்லை. இதைப் போடப்போகிற குழந்தைக்குப் பேச வராது. அழத்தான் தெரியும். ஏன் அழுகிறது என்று அதன் அம்மாவுக்குத் தெரியாது.

பயம் போகவில்லை அக்கா. காந்தத்தை இறுக்கிப் பிடித்துப் பிடித்து அது சூடாகிவிட்டது. இந்தத் தாளை உன் டிராயரில் வைத்துவிட்டு அம்மாவை எழுப்பப் போகிறேன்.

மூட்டை இன்னும் கட்டவில்லை. வேன் இன்னும் வரவில்லை. அதற்கு ஸ்தோத்திரம்.