இருந்தும் ஆப்சென்ட்

16-1-54, சனி. தளி.
காலை முழுக்கப் பனி. களத்தில் ராகிப் போர் நனைந்து கிடக்கிறது. மாட்டுப் பொங்கல் நேற்றோடு முடிந்தது.

லீவுக்கு முன் சேலத்துக் காலேஜ் குமாஸ்தா சொன்னதே காதில். "இங்கிலீஷ்ல இனி ஒரு ஆப்சென்ட் விழுந்தா இண்டர்மீடியட் பரீட்சை எழுத முடியாதப்பா."

ஒரு வகுப்பும் விட்டதில்லை நான். முதல் நாள் "பிரசண்ட் சார்" என்றேன். முன்பெஞ்சு சேது அதை என் மாதிரியே இழுத்துச் சொல்லிக் காட்டினான். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து கடைசி பெஞ்சு. பேர் கூப்பிட்டால் சில நாள் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அன்றெல்லாம் வாத்தியார் நிமிராமலே ஆப்சென்ட் போடுகிறார்.

17, ஞாயிறு.
அண்ணன் களத்தில் எல்லாரிடமும்: "தம்பி பரீட்ச எழுதட்டும், அப்புறம் ஓசூர்ல ஆபீசுல குந்துவான்." படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பினேன்.

அண்ணியிடம் ஆப்சென்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முதலில் நம்பவில்லை.
"பேரு கூப்டா இருக்கறேன்னு சொல்றதுக்கு என்னாடா நோவு? இங்க களி கேக்கறப்ப தொண்ட நல்லாத்தான கீது!"
சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. அண்ணனிடம் சொல்லமாட்டாளாம்.

18, திங்கள்.
எடுக்க: வேட்டி 2, போர்வை, அண்ணி தந்த எள்ளுருண்டை. தளி பஸ் தாமதம். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம். வழியெல்லாம் வாய்க்குள் அதே இரண்டு வார்த்தை. பக்கத்தில் இருந்தவர் கன்னடத்தில் ஏதோ கேட்டார், ஜபம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். ஹாஸ்டலில் யாரோடும் பேசவில்லை.

19, செவ்வாய்.
முதல் வகுப்பு இங்கிலீஷ். என் பேர். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. திடீரென்று முன்பெஞ்சிலிருந்து சேது எனக்காக "பிரசண்ட் சார்" என்றான். இரக்கம் போலும். அது சிரிப்பை விட மோசம்.

வாத்தியார் நிமிர்ந்தார். "யாருய்யா குரல் குடுத்தது? ஆள் வரலையா?" சேது தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியாரின் பேனா பதிவேட்டுக்குப் போயிற்று.

எழுந்துவிட்டேன். இங்கிலீஷ் வரவில்லை.
"இருக்கறேன் சார். தெனமும் இருந்தேன்."
சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை.
"தினமுமா? இவனைப் பார்த்தவங்க யாராவது?"

ஒரு கையும் எழவில்லை. ஜூனிலிருந்து இதே அறை, இதே பையன்கள்.

இன்றைக்கு மட்டும் பிரசண்ட் போட்டுவிட்டு, "உட்காரு" என்றார். நின்றுகொண்டே இருந்தேன். நாளைக்கும் முதல் வகுப்பு அவருடையதுதான்.