நேரம் கிடைத்தால் தேநீர்

வுப்பர்டால்
14.06.2025, சனி

அன்பு மகள் ஆதிரைக்கு,

நாளை மதியம் டுசல்டோர்ப் சென்று, நீ கட்டப்போகும் விங்கின் தாய் தகப்பனோடு தேநீர் அருந்துவதென்று இன்று காலை நம் வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அம்மா மட்டும் "ஒருக்காக் கேட்டுப்போட்டுப் போங்கோவன்" என்றா. ஏற்கப்படவில்லை.

இரு வீட்டாரும் முதன்முதல் சந்தித்த அன்று உணவகத்தில் பிரியும்போது சம்பந்தி என் கையைப் பிடித்து "டக் ஹான் யம் சா" என்றார். 'நேரம் கிடைத்தால் தேநீர் குடிப்போம்' என்று விங் விளக்கினான். வாய்விட்டு அழைத்த மனிசனிடம் போகாமல் இருக்கலாமா? எனக்கு நாளை நேரம் கிடைத்திருக்கிறது. மாமா குடும்பமும் வருகினம். வடை சுடுகிறோம். அவர்களுடைய கன்டோனீஸ் மொழியில் "சாப்பிட்டாச்சா?" என்பதையும் பாடமாக்கிவிட்டேன்.

போனில் சொன்னால் மறிப்பாய். இது கிடைக்கும்போது போய் வந்திருப்போம்.

உன் அப்பா,
தியாகராசா

---

ஆஹென்
17.06.2025

அப்பா,

விங் எல்லாம் சொன்னான். "டக் ஹான் யம் சா" என்பது ஹொங்கொங் ஆட்கள் விடைபெறும்போது சொல்வது. அதைக் கேட்டு ஒருவரும் வருவதில்லை. நீங்கள் ஏழு பேர் வந்தீர்கள்.

"சாப்பிட்டாச்சா?" அவர்களுக்கு வணக்கம் மாதிரி, அதில் பிழையில்லை. அவர்கள் திருப்பிக் கேட்டபோது மாமா "இன்னும் இல்லை" என்றாராம். அதன்பிறகுதான் நீங்கள் இருந்து சாப்பிட அயல் வீட்டில் கதிரை இரவல் வாங்கியிருக்கிறார்கள். விங்கின் அம்மா தலைக்குப் பூசிய டையோடேயே சமைத்திருக்கிறா.

அவவின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருக்கு. ஓகஸ்டில் திருமணப் பதிவு. அதுவரை அந்தப் பக்கம் போகாதேங்கோ.

ஆதிரை

---

வுப்பர்டால்
19.06.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை. கூசுகிறது. அந்த மனிசி தலையில் பிளாஸ்டிக் உறையோடு எங்களுக்குத் தேநீர் ஊற்றினா. விருந்தாளிகளுக்குச் செய்யும் மரியாதைதான் அந்த உறை என்று அம்மாவுக்கு நான் விளக்கம் வேறு கொடுத்தேன். மாமி படமும் எடுத்தா.

மன்னிப்புக் கேட்கவும் முகமில்லை. உன் சொற்படி, இனி அந்த வாசலை மிதிக்கமாட்டோம்.

வெட்கத்துடன்,
அப்பா

---

ஆஹென்
23.06.2025

அன்புள்ள அப்பா,

சொன்னபடி நின்றதற்கு நன்றி. அன்று கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைக்காதேங்கோ.

ஒன்று சொல்ல வேண்டும். புறப்படும்போது ஏழு பேரும் வாசலில் நின்று "போயிட்டு வாறம்" என்றிருக்கிறீர்கள். விங் தமிழ் படிக்கிறான் அல்லவா, அதை அப்படியே மொழிபெயர்த்திருக்கிறான். எப்போது வருவார்கள் என்று அவனுடைய அம்மா கேட்க, ஞாயிறாகத்தான் இருக்கும் என்றானாம்.

நேற்று அவ காலையிலேயே தலை வாரி, புதுச் சட்டை போட்டு, ஏழு பேருக்கும் மேசை வைத்திருக்கிறா. நாலு மணிவரை காத்திருந்துவிட்டு, கதிரைகளை அயல் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆதிரை