ஸ்வெட்டர் பையில் எடைக்கல்

மார்ச் 3

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. இன்று ஒரு பழக்கடைத் தராசு கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. முத்திரை கிடையாது என்றேன்.

"இத்துனூண்டுதானே மேடம், யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வந்ததும் அக்கா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை யாருக்கும் தெரியாமல் குப்பையில் கொட்டி, டப்பாவைச் சுத்தமாகக் கழுவி வைத்தேன். நேர்மையின் சிகரம்.

மார்ச் 6

மின்விசிறிக்கு அடியில் எல்லோரும் வேர்த்து வழிகிறார்கள். நான் மட்டும் ஸ்வெட்டரில். முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வருகிறது. காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை; அழலாமென்றால் அதற்கும் தெம்பில்லை. அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் நிறுத்தினாள்.

மார்ச் 11

ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைவாம். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! இந்தச் சோகத்துக்கு நான் காரணமில்லை, கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பிதான் காரணம். அக்காவுக்கும் தைராய்டு உண்டு. மாத்திரை போட ஆரம்பித்த பிறகு தூங்குமூஞ்சித்தனம் போய், குளிக்கும்போது பாடுகிறாள். (பாட்டை நிறுத்த மாத்திரை உண்டா என்று கேட்க வேண்டும்.) எனக்கும் ஒன்று கொடுத்தால் சோறு சாப்பிடாமலே சிரித்துவிடுவேன்.

டாக்டரம்மா கொடுக்கவில்லை. "உங்க அக்காவுக்குச் சுரப்பியில கோளாறு. உங்களுக்கு அப்படி இல்லம்மா. நீங்க சாப்பிடாததால உடம்பே அடுப்பைக் குறைச்சு வெச்சிருக்கு. குளிர்றதும் அதனாலதான், மனசு சோர்ந்து போறதுலயும் அதுக்குப் பங்கு இருக்கலாம். இந்த நிலைமையில மாத்திரை குடுத்தா இதயம் தாங்காது. சாப்பிடுங்க, ஹார்மோன் தானா ஏறும்."

வாராவாரம் எடை பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கை.

மார்ச் 12

எனக்கு இருப்பது அனரெக்ஸியாவாம், குண்டாகிவிடுவோமென்று பயந்து பட்டினி கிடக்கிற நோய். எனக்கா? கண்ணாடியில் பூசணிக்காய் மாதிரி தெரிகிற எனக்கா? — அந்தக் கண்ணாடியையும் ஒரு நாள் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 18

அலுவலகப் பெட்டியிலிருந்து ஒரு பித்தளை எடைக்கல்லை எடுத்து ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன். "பாத்தீங்களா, ஏறிடுச்சு!" என்றார் நர்ஸ். நானும் பல்லைக் காட்டினேன். எத்தனை கடைக்காரர்களின் தில்லுமுல்லுகளைப் பிடித்திருக்கிறேன்! அவர்களில் ஒருவருக்கும் இந்த யோசனை வரவில்லை.

மார்ச் 25

இன்னொரு கல் சேர்ந்தது.

"ஏன்டி, ஸ்வெட்டர் முட்டி வரைக்கும் தொங்குது?" என்றாள் அக்கா.

"துவைச்சுத் துவைச்சு லொடலொடன்னு ஆயிடுச்சு."

நம்பிவிட்டாள். எடை ஏறியது என்று தெரிந்ததும் எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, நடுத்தெருவில் நின்று சந்தோஷத்தில் அழுதாள். ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் கண்ணைத் துடைக்கிற நேரம் பார்த்து மீதியைச் சாக்கடையில் ஊற்றினேன். ச்சீ, என்ன பொழப்பு இது.

ஏப்ரல் 1

எதுக்கு எழுந்திருக்கணும்? யாராவது ஒரு காரணம் சொல்லுங்கப்பா, எழுந்திருக்கிறேன்.

ஏப்ரல் 8

இன்றும் கற்களோடுதான் போனேன். இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் இன்னும் இறங்கியிருக்கிறது. ரத்தத்துக்குப் பை வைத்துத் தைக்க முடியாதே.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடை ஏறுது, ஹார்மோன் இறங்குது. நான்தான் தப்பாக் கணிச்சிட்டேன் போல. சின்ன அளவுல மாத்திரை ஆரம்பிச்சுப் பாப்போம்."

கேட்டது கிடைத்துவிட்டது! பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

"இதயம் தாங்காதுன்னு சொன்னீங்களே டாக்டர்?" என்று அக்காதான் கேட்டாள்.

"அப்ப எடை ரொம்பக் கம்மி. இப்ப ஏறியிருக்கில்ல, அதை நம்பித்தான் எழுதறேன்."

அதை நம்பி. முத்திரையே குத்திவிட்டார். பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது? — எனக்குத் தெரியுமே, சனியன். நான் அன்று விறைப்பாகச் சொன்னது இப்போது என்னையே பார்த்து இளித்தது. கற்கள் இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். சாகத்தான் பார்த்தேனா? பயமாக இருந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். அக்கா ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இதுக்காடி ஜூஸ் வாங்கிக் குடுத்தேன்?"

அன்றே படுக்கை கிடைத்தது.

ஏப்ரல் 20

வார்டு. தட்டோடு தினமும் சண்டை. இன்று அது தோற்றது.

ஜூன் 17

வீட்டுக்கு வந்து சில நாளாகிறது. சோகம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. கண்ணாடியில் பூசணிக்காய் இன்னும் இருக்கிறது, ஆனால் அது சொல்வதையெல்லாம் நான் கேட்பதில்லை. அக்கா ஸ்வெட்டரைத் துவைத்து, பைகள் இரண்டையும் தைத்து மூடிவிட்டாள். நம்பிக்கை!

மதியம் நானும் அவளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. "அய்யோ, வேர்க்குதே, அந்த ஜன்னலையாவது திறந்து விடேன்" என்று ஒரு குரல் கத்தியது. அக்கா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

கத்தியது நான்தான்.